ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்ற லிஃப்ட் பற்றி

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி. வயது இருபத்தெட்டு. மின்னணுவியலில் பட்டயம் படித்தவன். அம்மாவுடனும் அக்காவுடனும் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்பப் பணியாளராக வேலை பார்க்கிறேன். இதற்கு முன் எந்தக் காவல் நிலையத்துக்கும் எந்த வேலையாகவும் வந்ததில்லை. நான் வேகமாகச் சொல்கிறேன் என்று எழுத்தர் ஏற்கெனவே ஒரு தரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மெதுவாகச் சொல்ல முயல்கிறேன்.

என் மீதுள்ள புகார், எங்கள் சூப்பர்வைசரை லிஃப்ட் இயந்திர அறையில் பிடித்துத் தள்ளி அவருடைய மணிக்கட்டு எலும்பு முறியக் காரணமானேன் என்பதும், அதன் பிறகு அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தர மறுத்தேன் என்பதும் ஆகும். இரண்டும் உண்மை. தள்ளினேன். பூட்டினேன். ஏன் என்பது புகாரில் இல்லை. அதை நான் சொல்கிறேன்.

என்னோடு ஜோடியாக வேலை பார்த்தவரை நாங்கள் எல்லோரும் பிரேக் அண்ணன் என்று கூப்பிடுவோம். கேன்டீனில் எந்தச் சண்டை மூண்டாலும் அவர் எழுந்து நடுவில் வந்து நின்றால் இரண்டு பக்கமும் அடங்கிவிடும், அதனால் வந்த பெயர். என்னைவிட மிகவும் மூத்தவர். இயந்திரப் பக்கம் அவருடையது, மின்சாரப் பக்கம் என்னுடையது. ஜனங்களுக்கு லிஃப்டின் உள்பக்கம் மட்டும்தான் தெரியும். நாங்கள் பெரும்பாலும் வேலை பார்ப்பது லிஃப்ட் ஏறி இறங்கும் கிணறு போன்ற ஷாஃப்டுக்குள், அந்தக் கேபினின் கூரை மேல் நின்றுகொண்டு. லிஃப்ட் வந்து நிற்காத மாடியில் கதவு திறக்காது. முக்கோணத் துளையில் போடும் ஒரு சாவி இருந்தால் மட்டும் திறக்கும். பயிற்சி முடித்தவனுக்கு நிறுவனம் அந்தச் சாவியைக் கையில் கொடுக்கும். அது இருந்தால் மெக்கானிக், இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்க வந்தவன். எங்களிடையே அவ்வளவுதான் கணக்கு.

சென்ற ஆண்டு வேறொரு கட்டடத்தில் எங்கள் ஃபிட்டர் ஒருவர், லிஃப்ட் வராமலே திறந்துகொண்ட கதவு வழியாகக் காலை வைத்து, அடியில் உள்ள குழிக்குள் விழுந்து இறந்துபோனார். பிரேக் அண்ணன்தான் முதலில் இறங்கினார். ஆட்கள் வரும் வரை இறந்தவரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவர் ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். அதன் பிறகு வேலைக்கு வந்தார். வந்த பிறகுதான் கதவைச் சோதிப்பது ஆரம்பித்தது. ஒரு மாடியில் வேலை முடிந்தால் கதவை இழுத்துப் பார்ப்பார். படி இறங்கியவர் திரும்ப ஏறி இழுத்துப் பார்ப்பார். வண்டியில் ஏறிப் பாதி வழி வந்த பிறகு, "தம்பி, வண்டியைத் திருப்புடா" என்பார்.

"அண்ணே, கதவு பூட்டிடுச்சு. நானே பார்த்தேன்."

"நீ பார்த்தே. நான் பார்க்கலையே."

நான் பொறுமைசாலி இல்லை. இது என்னைத் தெரிந்த எவரும் சொல்வார்கள். ஆனாலும் வண்டியைத் திருப்புவேன். ஏனென்றால் திருப்பாவிட்டால் அவர் வண்டி அடுத்து நிற்கும் இடத்தில் இறங்கி நடந்தே போவார். தூக்கமும் போய்விட்டது என்று அவர் மனைவி, அதாவது நான் அண்ணி என்று கூப்பிடுபவர், என்னிடம் சொன்னார். வீட்டுக் கதவையும் அப்படித்தான் இழுத்துப் பார்க்கிறாராம்.

அதன் பிறகு நிறுவனத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பணியாளர் நலப் பிரிவு மேடம் வந்து திரையில் ஒரு படிக்கட்டுப் படத்தைக் காட்டினார். வேலையிடத்தில் மனநலத்துக்கு நான்கு படி உதவி இருக்கிறது என்றார். முதல் படி கைபேசிச் செயலி, அதில் மூச்சுப் பயிற்சியும் கடலலைச் சத்தமும் இருக்கும். இரண்டாவது படி, கிளைக்கு ஒருவராக 'செவிகொடுக்கும் சக பணியாளர்'. அவரிடம் மனம் விட்டுப் பேசலாம், பேசியது வெளியே போகாது. மூன்றாவது படி தொலைபேசியில் ஆலோசகர். நான்காவது படி மனநல மருத்துவர், அவருடைய கட்டணத்தை நிறுவனம் கட்டும். ஒவ்வொரு படியிலும் இருப்பவர் பரிந்துரை செய்தால்தான் அடுத்த படி.

பிரேக் அண்ணன் கையைத் தூக்கினார். கூட்டத்தில் அவர் கை தூக்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நேரா நாலாவதுக்குப் போக முடியாதுங்களா மேடம்?"

"அதெப்படி? லிஃப்ட் மாதிரி ஒவ்வொரு மாடியா நின்னுதானே போகணும்?"

மேடம் நகைச்சுவையாகத்தான் சொன்னார். லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக நிற்காது என்பதுகூடத் தெரியாமல் லிஃப்ட் நிறுவனத்தில் எப்படி வேலை பார்க்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. நான் எழுந்து, "மேடம், நீங்க போட்டிருக்கிறது தொடரிணைப்பு. நடுவுல ஒண்ணு வேலை செய்யலைன்னா அதுக்கு மேல கரண்டே போகாது. பக்க இணைப்பா போடுங்க. யாருக்கு எது வேணுமோ நேரா அங்க போகட்டும்" என்றேன். மேடம், "ரொம்ப நல்ல கருத்து, எழுத்துல குடுங்க" என்றார். பின்னாலிருந்து ஸ்டோர்காரர், "இவனுக்கு நாலாவதுதான் மேடம், நேராவே அனுப்பிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரேக் அண்ணனும் சிரித்தார்.

நான் படிகளே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை, இதை எழுதிக்கொள்ள வேண்டும். வேலை நெருக்கடியில் தலை வலிக்கிறவனுக்குக் கடலலைச் சத்தம் போதும். வீட்டுச் சண்டையைச் சொல்லி அழ ஆசைப்படுகிறவனுக்கு ஒரு ஆள் போதும். எங்கள் தொழிலிலும் வேகம் மீறினால் கேபினைப் பிடிக்க ஒரு கருவி உண்டு, அதையும் மீறினால் அடியில் ஸ்பிரிங் உண்டு. ஆனால் ஸ்பிரிங் வேலை செய்வதற்கு மேலே உள்ள கருவியிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிவரச் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் இது ஒன்றுதான்.

எங்கள் கிளைக்குச் செவிகொடுக்கும் பணியாளராக அவர்கள் தேர்ந்தெடுத்தது எங்கள் சூப்பர்வைசரை. அரை நாள் பயிற்சி. சட்டையில் குத்திக்கொள்ளக் காது படம் போட்ட ஒரு வில்லை. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் காது. அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் யாரை வேலைக்கு அனுப்பலாம், யாரை அனுப்பக்கூடாது என்று கையெழுத்துப் போடுகிற ஆளும் அவர்தான். காதும் அவருடையது, கையும் அவருடையது.

பிரேக் அண்ணன் முதல் படியில் செயலியைப் போட்டுப் பார்த்தார். கடலலையைக் கேட்டால் குழிக்குள் தண்ணீர் ஏறுவது போல இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். அதன் பிறகு ஒரு நாள் காலையில் சூப்பர்வைசரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. "சொல்லிட்டேன்டா, ஒரு பாரம் இறங்கினாப்ல இருக்கு" என்றார். இரண்டு பேரும் தேநீர் குடித்தோம்.

மதியச் சாப்பாடு முடிவதற்குள் சூப்பர்வைசர் ஸ்டோருக்கு வந்தார். எல்லோரும் இருந்தோம். பிரேக் அண்ணனிடம், "தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லி முக்கோணச் சாவியைக் கேட்டார். அண்ணன் சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்ற ஆரம்பித்தார். வளையம் இறுகியிருந்தது. நகம் நுழையவில்லை. கடைசியில் சூப்பர்வைசரே திருப்புளியை எடுத்துக் கொடுத்தார்.

இது ஏன் நடந்தது என்பது எனக்கு அப்போதே புரிந்தது. எங்கள் தொழிலில் பழுது என்று தகவல் வந்தால் முதல் வேலை, லிஃப்டை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்து, கதவில் பலகையை மாட்டுவது. அதன் பிறகுதான் பழுதுபார்ப்பது. சூப்பர்வைசர் முப்பது வருடப் பழக்கத்தில் அதையேதான் செய்தார். நிறுத்தினார், துண்டித்தார். பழுதுபார்க்க மூன்றாவது படிக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். அதை அவர் அனுப்பவில்லை. நான் கேட்டதற்கு, "ஆளைத்தான் ஷாஃப்ட் வேலையிலேருந்து எடுத்தாச்சே, இனிமே என்ன ஆபத்து?" என்றார்.

அதன் பிறகு பிரேக் அண்ணனை ஸ்டோரில் உட்கார வைத்து, பழைய போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாளே எவனோ ஒருவன் அவர் நாற்காலியின் முதுகில் 'பழுது - பயன்படுத்த வேண்டாம்' பலகையை மாட்டிவிட்டான். நான் கழற்றப் போனேன். "விடுடா, காத்து வராம மறைக்குது, நல்லாத்தான் இருக்கு" என்றார். பலகை அங்கேயே இருந்தது. அன்று காலையில் அறைக்குள் சொன்ன விஷயம் மாலைக்குள் கம்பெனி வண்டி ஓட்டுநர் வரை தெரிந்திருந்தது. அது எப்படி வெளியே போனது என்று நான் சூப்பர்வைசரிடம் நேரில் கேட்டேன். சாவியைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது, எழுதினேன் என்றார். செவிகொடுக்கும் பணியாளராகக் கேட்டதை சூப்பர்வைசராக எழுதினார். அதிலும் அவர் பொய் எதுவும் எழுதவில்லை.

சம்பவ தினத்தன்று நான் ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் மாதாந்தரப் பராமரிப்புக்குத் தனியாகப் போயிருந்தேன். எனக்கு வேறு ஜோடி தரவில்லை. மதியவாக்கில் பிரேக் அண்ணன் அங்கே வந்தார். ஸ்டோரில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். கட்டடத்தின் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பேசினோம். அதன் பிறகு அவர், "உன் சாவியைக் கொஞ்சம் குடுடா, சும்மா கையில வச்சுப் பார்க்கறேன்" என்றார். கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று ஆய்வாளர் கேட்கிறார். முப்பது வருடம் வைத்திருந்தவர் கேட்டார், கொடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் கொடுப்பேன்.

அதன் பிறகு நான் மொட்டை மாடியில் உள்ள இயந்திர அறைக்குப் போய் ஒரு ரிலேயை, அதாவது மின் இணைப்பை மாற்றும் சிறு சுவிட்சை, சோதித்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட் கிளம்பிப் பாதியில் நின்றது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஆய்வு விளக்கு எரிந்தது. அதற்கு அர்த்தம் ஒன்றுதான். யாரோ கேபினின் கூரை மேல் ஏறி, அங்கே உள்ள சுவிட்சைத் திருப்பியிருக்கிறார். அந்தச் சுவிட்சைத் திருப்பிவிட்டால் எந்த மாடியில் எந்தப் பொத்தானை யார் அழுத்தினாலும் லிஃப்ட் நகராது. கூரை மேல் நிற்பவர் தன் கையில் உள்ள பொத்தானை அழுத்தினால் மட்டும் நகரும். கேபின் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றது. ஏழுதான் கடைசி மாடி. கேபினுக்குள் யாரும் இல்லை. காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் நிறுத்தியிருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இயந்திர அறையின் தரையில் இரும்புக் கயிறுகள் இறங்கும் துளைகள் இருக்கும். நான் தரையில் குப்புறப் படுத்து அந்தத் துளை வழியாகப் பார்த்தேன். கீழே அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, என்னண்ணே பண்றீங்க?"

"நிக்கறேன்டா."

"மேல வாங்க."

"இரு. இங்க நல்லாருக்கு. உலகத்துல இந்த ஒரு இடத்துலதான்டா என்னைக் கேக்காம யாரும் என்னை நகர்த்த முடியாது."

அதன் பிறகு அவர் இன்னும் சில வார்த்தைகள் சொன்னார். அவற்றை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஆய்வாளர் கேட்டார், இல்லை என்று சொன்னேன். காரணம் பின்னால் வரும்.

கட்டட மேலாளர் லிஃப்ட் ஓடவில்லை என்று எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். சூப்பர்வைசரும் நலப் பிரிவு மேடமும் ஒரே வண்டியில் வந்தார்கள். மேடம் ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவுக்கு எதிரில் நின்று மூன்றாவது படிக்கு, அதாவது ஆலோசனைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார். பாதிக்கப்பட்டவரே பேசினால்தான் பதிவு செய்ய முடியும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு, மூடிய கதவின் இடுக்கில் அதை வைத்துப் பிடித்துக்கொண்டார். ஷாஃப்டுக்குள் ஒரு பெண்குரல், "வணக்கம், உங்கள் பணியாளர் எண்ணைச் சொல்லுங்கள்" என்று எதிரொலித்தது. மேலே எனக்கே கேட்டது. அண்ணன், "எண்ணு சாவியிலதான்மா போட்டிருந்துச்சு, வாங்கிட்டாங்க" என்றார். அந்தக் குரல், "மன்னிக்கவும், சரியாகக் கேட்கவில்லை" என்றது. நான் சிரித்துவிட்டேன்.

அதன் பிறகு சூப்பர்வைசர் இயந்திர அறைக்கு வந்தார். வியர்த்து, சட்டை முழுக்க நனைந்திருந்தது. காது வில்லை அப்போதும் சட்டையில் இருந்தது. என்னிடம் எதுவும் கேட்காமல் சுவரில் மாட்டியிருந்த பிரேக் விடுவிக்கும் நெம்புகோலை எடுத்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"பிரேக்கை விட்டு மெதுவா கீழ இறக்கிடலாம். ஆறுல பிடிச்சு ஆளை வெளிய எடுத்துடலாம்."

"மேல ஆள் நிக்கறாரு சார்."

"அதனாலதான்டா! இவன் எதையாவது செஞ்சுக்கறதுக்கு முன்னாடி!"

இந்த இடத்தை எழுத்தர் சரியாக எழுத வேண்டும், ஏனென்றால் வழக்கே இதில்தான் இருக்கிறது. லிஃப்டின் கயிற்றுக்கு ஒரு முனையில் கேபின், மறு முனையில் எதிர் எடை. காலிக் கேபினைவிட எதிர் எடை மிகவும் கனமானது. ஒரு ஆள் கூரை மேல் நின்றாலும் எதிர் எடைதான் கனம். ஆகவே பிரேக்கை விட்டால் காலிக் கேபின் இறங்காது. ஏறும். அது கடைசி மாடியை ஒட்டி நின்றது. அதற்கு மேல் இருப்பது கான்கிரீட் கூரை. அது ஏறிப் போய் நின்றால் அந்த இடைவெளியில் ஒரு ஆள் குறுகி உட்காரத்தான் இடம் இருக்கும். அவர் நின்றுகொண்டிருந்தார்.

இதை எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தவரே சூப்பர்வைசர்தான். அவருக்குத் தெரியாததில்லை. அன்றைக்குப் பதற்றத்தில் மறந்துபோனார். "சார், மேல போகும் சார்" என்று கத்தினேன். அவர் நெம்புகோலைப் பிரேக்கில் மாட்டிவிட்டார். அதன் பிறகு தள்ளினேன். இரண்டு கையாலும், முழு பலத்தோடு தள்ளினேன். மெதுவாகத் தள்ளியிருக்கலாமே என்று கம்பெனி வழக்கறிஞர் கேட்டார். மெதுவாகத் தள்ளுவதற்கு நேரம் இருக்கவில்லை. அவர் மோட்டார் மேடையின் விளிம்பில் விழுந்தார். கை முறிந்தது. நெம்புகோல் கீழே விழுந்த சத்தத்துக்கு, துளை வழியாக அண்ணன், "தம்பி, யாருக்காவது அடிபட்டுச்சா?" என்று கேட்டார்.

அதன் பிறகு நான் சூப்பர்வைசரைத் தூக்கி வெளியே கொண்டுவந்து நிழலில் உட்கார வைத்தேன். என் துண்டால் அவர் கையைக் கட்டினேன். இதுவும் புகாரில் இல்லை. அதன் பிறகு இயந்திர அறையை என்னுடைய பூட்டால் பூட்டி அதன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன், சூப்பர்வைசர் கேட்டும் தரவில்லை. அதன் பிறகு நானே அவசர உதவிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எந்தப் படியையும் நான் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸில் ஒரு செவிலியர் வந்தார். என் அக்கா வயது இருக்கும். ஏழு மாடியும் படியேறி வந்ததால் மூச்சு வாங்கியது. முதலில் மேடத்தையும், கூடி நின்ற மற்றவர்களையும் ஒரு மாடி கீழே போகச் சொன்னார். மேடம், நடைமுறை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "அம்மா, அந்தப் போனை முதல்ல அணைங்க" என்றார் செவிலியர். மேடம் அணைத்தார். அதன் பிறகு நான் சொன்னதன் பேரில் அண்ணன் உள்ளேயிருந்து கதவை ஒரு கை அளவுக்குத் திறந்தார். செவிலியர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் படிக்கட்டில் நின்றேன்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"நானும் இல்ல. ஒண்ணு நேரடியா கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. சாகணும்னு தோணுதா?"

இத்தனை மாதத்தில், இத்தனை படிகளில், யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. நானும் கேட்டதில்லை. அண்ணன் பதில் சொன்னார். நீண்ட பதில். செவிலியர் நடுவில் பேசவில்லை. தண்ணீர் மட்டும் அந்த இடுக்கு வழியாகக் கொடுத்தார். எனக்கு எல்லாம் கேட்டது.

அதன் பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"மெஷின் ரூம் பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன். சாவி என்கிட்டதான்."

"வேற யார்கிட்டயாவது?"

"இல்லண்ணே. உங்களைக் கேக்காம யாரும் தொட மாட்டாங்க."

அவர் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தி, கேபினை நாலு விரல் அளவு தானே உயர்த்தி, அதன் கூரையை ஏழாவது மாடித் தரைக்குச் சமமாகக் கொண்டுவந்தார். கதவைத் திறந்து வெளியே கால் வைத்தார். திரும்பிக் கையை நீட்டிச் சுவிட்சைப் பழைய நிலைக்குத் திருப்பினார். கதவு மூடிக்கொண்டது. கதவை இழுத்துப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார். என் சாவியை என் கையில் கொடுத்தார். அதன் பிறகு செவிலியரோடு படியிறங்கிப் போனார். அந்த முக்கோணச் சாவியை இப்போது நீங்கள் வழக்குச் சொத்தாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். அது எனக்குத் திரும்ப வேண்டும்.

அண்ணன் இப்போது மருத்துவமனையில் இருக்கிறார். நான்காவது படிக்கு அவர் போய்ச் சேர்ந்த வழி இதுதான். தூங்குகிறார் என்று அண்ணி சொன்னார். மருத்துவர், வேலையைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், குணமான பிறகு அவரே முடிவு செய்யட்டும் என்று சொல்லியிருக்கிறாராம். அவரே முடிவு செய்யட்டும் என்பதை அண்ணி என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கு நிறுவனம் இடைநீக்க உத்தரவு அனுப்பியது. அதே நாளில், என் கைபேசியில் இருந்த அந்தச் செயலியும் எனக்கு, 'இன்று உங்கள் மனநிலை எப்படி? ஒரு நிமிடம் ஆழ்ந்து மூச்சு விடலாமா?' என்று செய்தி அனுப்பியது. நான் அப்போது இந்த நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று கம்பெனி வழக்கறிஞர் இங்கே வந்து என்னைப் பார்த்தார். பிரேக் அண்ணன் உயிரை மாய்த்துக்கொள்ளத்தான் கேபின் மேல் ஏறினார், அதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டேன் என்று என் வாக்குமூலத்தில் ஒரு வரி இருந்தால் போதும் என்றார். அப்படி இருந்தால், சூப்பர்வைசர் ஓர் உயிரைக் காப்பாற்ற அவசரத்தில் செயல்பட்டார் என்று ஆகிவிடும். நானும் அதே பதற்றத்தில் இருந்தேன் என்று ஆகிவிடும். புகாரைத் திரும்பப் பெறுவார்கள், வேலையும் திரும்பக் கிடைக்கும். அண்ணனுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அப்படிப் பதிவு உள்ளவருக்கு எக்காலத்திலும் சாவி தர விதி இடம் கொடுக்காது, மருத்துவக் காரணத்தின் பேரில் ஓய்வு கொடுத்துவிடுவோம், கௌரவமாகத்தான் செய்வோம் என்றார். திருப்புளி எடுத்துக் கொடுப்பது மாதிரி.

ஆய்வாளரும் என்னிடம் தகப்பன் மாதிரிதான் பேசினார். அதை நான் மறுக்கவில்லை.

"ஒரே ஒரு வரி தம்பி. நீயும் வீட்டுக்குப் போலாம், நானும் வீட்டுக்குப் போலாம். வெளிய உங்கம்மா காலையிலேருந்து உக்காந்திருக்காங்க."

"தெரியும் சார்."

"அவன் சொன்னானா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"அவர்னு சொல்லுங்க சார்."

"சரிப்பா, அவர். சொன்னாரா?"

"டாக்டர்கிட்ட கேளுங்க. டாக்டர் அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லட்டும்."

அம்மாவையும் உள்ளே அழைத்து வந்து என்னோடு பேச வைத்தார்கள். அம்மா, "ஏன்டா, உனக்கு மட்டும் எதுக்கு இந்த வீம்பு? ஊர்ல எல்லாரும் சொல்றதைத்தானே சொல்லச் சொல்றாங்க" என்றார். அதன் பிறகு சாப்பாட்டுப் பாத்திரத்தை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

இது வீம்பு இல்லை. அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆளிடம் நம்பிச் சொன்னார். மதியத்துக்குள் அது தாளில் ஏறியது. தாளில் ஏறியதால் சாவி போனது. சாவி போனதால் கேபின் மேல் ஏறினார். அதன் பிறகு ஒரு துளை வழியாக என்னிடமும், ஒரு கதவிடுக்கு வழியாக ஒரு செவிலியரிடமும் பேசினார். எனக்குப் பயிற்சி கிடையாது. சட்டையில் காது வில்லை கிடையாது. நான் எந்தப் படியிலும் இல்லாதவன். என்னிடம் சொன்னதாவது என்னோடு நிற்கட்டும். நான் கேட்டதையும் இன்னொரு தாளில் ஏற்றினால், குணமாகி வந்த பிறகு தூக்கம் வராத ஒரு நாளில் அவர் யாரிடம் வாயைத் திறப்பார்?

சூப்பர்வைசரின் கைக்காக வருத்தப்படுகிறாயா என்று கேட்டார்கள். வருத்தப்படுகிறேன். வலது கை. தள்ளியதற்கு வருத்தப்படவில்லை. அவருக்கும் அன்றிலிருந்து தூக்கம் இல்லை என்று கேள்விப்பட்டேன். அவர் யாரிடம் போய்ச் சொல்வார் என்று தெரியவில்லை. கிளைக்கு ஒருவர்தான், அது அவரேதான்.

மேற்கண்டவற்றை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில் ஓரிடத்தில் நான் சொல்லாத 'தற்கொலை செய்துகொள்ளும் நோக்கத்துடன்' என்ற சொற்கள் இருந்தன. வழக்கமாக அப்படித்தான் எழுதுவோம் என்றார். அந்தச் சொற்களை அடித்துவிடச் சொன்னேன். எழுத்தர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுத்தர் அடித்தார், ஓரத்தில் நான் சுருக்கொப்பம் இட்டேன். யாரும் என்னை அடிக்கவோ மிரட்டவோ இல்லை. இந்தத் தாளில் இருப்பதெல்லாம் நடந்தது, ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. நடந்ததெல்லாம் இந்தத் தாளில் இல்லை. இல்லாததை நீதிமன்றத்தில் கேட்டாலும் இதே பதில்தான் சொல்வேன் என்று தெரிந்தே கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)